அப்பா படிக்காமல் விட்ட தாள்கள்

ஒஹாயோ,
13 நவம்பர் 1984, இரவு

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. போன் அம்மாவின் அறை வாசலில் இருப்பதால் பேச முடியாது; போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அமெரிக்க ஜனாதிபதிகள் பற்றிய அம்மாவின் ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத் துறையில் எப்படிக் கேலி செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். "இதுவரைக்கும் ஜனாதிபதியா இருந்தவங்களே முப்பத்தொன்பது பேர். அதை வெச்சு என்ன புள்ளிவிவரம்? முன்னூறு வருஷம் கழிச்சு வா!" அதனால்தானே அம்மா, ஜனாதிபதிகள் கைப்பட எழுதிய எண்ணூறு குறிப்புகளைத் திரட்டினாள். ஒவ்வொன்றும் ஆணையா, கெஞ்சலா என்று அம்மாவும் அப்பாவும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் குறிக்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் நம்புவார்கள். ஐந்தில் ஒன்றுக்குச் சண்டை வரும். "எழுதின மனுஷனுக்கே தெரியாதுடி" என்று அப்பா சிரிப்பார்.

அப்பா இறந்துபோனபோது அவர் குறிக்க வேண்டியதில் இருநூற்றுப் பன்னிரண்டு மிச்சம். "நீ முடிச்சுக் குடு ட்ரூடி. வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல" என்றாள் அம்மா. அவர் தொடாத தாளை எடுத்தாலே எனக்குக் கண் நிறைந்துவிடும். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை அக்கா. அம்மாவின் மேசை இழுப்பறையைத் திறந்து, அவள் குறித்ததையே பார்த்து எழுதினேன். சந்தேகம் வராமலிருக்க ஆறை மட்டும் மாற்றினேன்.

நாங்கள் இருவரும் குறித்ததை ஒப்பிட்டுப் பார்த்த அன்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா போன பிறகு அவள் அழுதது அன்றுதான். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அம்மாவின் வேலையை நிரந்தரமாக்க வாக்கெடுப்பு. வாக்களிப்பவர்களில் ஒருவரான ஹால்வர்சன் ஞாயிறன்று சாப்பிட வந்தார். "அதென்ன லோயிஸ், கடைசி இருநூறுல மட்டும் ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல?" என்றார். "என் பொண்ணு படிச்சது. அவ ஏமாத்த மாட்டா" என்றாள் அம்மா. நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

இப்போது தினமும் உண்மையாகவே படிக்கிறேன். எழுபது முடிந்தது. பதினாறில் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு ஜனாதிபதி தன் மந்திரிக்கு ஒரே வரி எழுதியிருக்கிறார்: "நேரம் கிடைத்தால் வா." அம்மா அதை ஆணை என்று குறித்திருக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள், வியாழக்கிழமைக்குள் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அவள் வேலை போகலாம். அதைவிட, அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வைதான் பயமாக இருக்கிறது. நீ எனக்காகப் பேச வேண்டாம். சியாட்டிலிலிருந்து பஸ்ஸில் இரண்டு நாளுக்கு மேல் ஆகும், தெரியும். அம்மா பக்கத்தில் அப்பாவின் நாற்காலி காலியாக இருக்கிறது. நான் சொல்லும்போது அதில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

நேரம் கிடைத்தால் வா.

உன் தங்கை,
ட்ரூடி