பல் சரியில்லாத அக்காவுக்கு

அக்கா,

நம் குடும்பம் ஒரு வரலாற்று முடிவை எடுத்துவிட்டது. நீண்ட விவாதத்துக்குப் பின், மாசி மாதம் நாம் எல்லோரும் கூடிச் சாப்பிடும் சாப்பாட்டில் இனி வாழையிலை இல்லை, பந்தி இல்லை, பஃபேதான் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்மானம் நிறைவேறியது. கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. துபாயிலிருந்துகூட ஒன்று உயர்ந்தது. அதற்கு உரியவர் சாப்பிட வரவில்லை.

முன்மொழிந்தவன் உங்கள் மகன் தினேஷ். "அம்மா அந்தப் பல்ல வெச்சுக்கிட்டு எலை முன்னாடி எவ்ளோ கஷ்டப்பட்டாங்க, மாமா. அவங்க முடிக்கிற வரைக்கும் நீங்க எல்லாம் எழுந்திரிக்காம உக்காந்திருப்பீங்க. இனிமே யாருக்கும் அந்தச் சங்கடம் வேணாம்" என்று போனில் சொன்னான். நான் சரி என்று சொல்லவில்லை. இலையே இருக்கட்டுமே என்று இழுத்தேன். செலவுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்து, எல்லாச் செலவும் தன்னுடையது என்றான்.

உங்கள் நினைவாக வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் தட்டும் கொடுத்தான். மூன்று குழிகள், விளிம்பில் உங்கள் பெயர். அது இப்போது என் மேஜையில் இருக்கிறது. விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசையின் வாசனை, எத்தனை முறை கழுவியும் போகவில்லை.

உங்கள் பல்லில் ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வருஷா வருஷம் சாப்பாடு முடிந்து உடையார்பாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கடிப்பீர்கள். அந்தச் சத்தத்துக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார். "என்ன தம்பி பாக்குற? சாப்பாட்டுல வயிறு எங்க நெறஞ்சுது? வேலைதான் நெறஞ்சுது" என்பீர்கள்.

வேலை என்று நீங்கள் சொன்னது, நம் சித்தப்பாவின் இரண்டு மகன்களை. பாகம் பிரிந்ததிலிருந்து செல்வமும் முருகேசனும் பேசிக்கொள்வதில்லை. முருகேசனின் முந்திரிக் கொல்லைக்குப் போகும் வழி செல்வத்தின் நிலத்துக்குள் போகிறது. செல்வம் அதில் முள்வேலி போட்டான். பஞ்சாயத்து, தாசில்தார், குலதெய்வம் என்று எல்லா இடத்துக்கும் போய்வந்த பிறகும் வேலி அங்கேயே இருந்தது. முந்திரி பொறுக்கும் மாதங்களில் மட்டும் அது திறந்தது. திறந்தது நீங்கள்.

உங்கள் ஆயுதம் எளிமையானது. பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் இலையை மடிக்கக் கூடாது. நம் குடும்பத்தில் யாரும் மீறத் துணியாத ஒரே சட்டம் அது. இடப்பக்கம் செல்வத்தையும் வலப்பக்கம் முருகேசனையும் உட்கார வைத்து, நடுவில் நீங்கள் உட்காருவீர்கள். ஊர் முழுக்க மோருக்கு வந்த பிறகும் நீங்கள் சாம்பாரில் இருப்பீர்கள்.

"அவங்கிட்ட சொல்லுங்கக்கா, வேலிய எடுக்க முடியாது" என்பான் செல்வம், இலையைப் பார்த்தபடி.

"அவரு எடுக்க வேணாம். நான் கொல்லைய வித்துட்டுப் போறேன்னு சொல்லுங்கக்கா" என்பான் முருகேசன், தன் இலையைப் பார்த்தபடி.

நீங்கள் இரண்டையும் எங்கும் சொல்ல மாட்டீர்கள். ஒரு கவளத்தை நிதானமாக மென்று முடித்துவிட்டு, "செல்வம், பாயசம் வர்றதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லு. இல்லேன்னா நான் மறுபடியும் சோறு வாங்கிப்பேன்" என்பீர்கள்.

எதிர்வரிசையில் இருந்து நான் பார்த்திருக்கிறேன். செல்வத்தின் கையில் சோறு காய்ந்து ஒட்டியிருக்கும். அவன் பரிமாறுகிறவரைப் பார்ப்பான், வாசலைப் பார்ப்பான், கடைசியில் உங்களைப் பார்ப்பான். "சரி, வைகாசி முடியிற வரைக்கும்" என்பான். அப்புறம்தான் உங்கள் சாப்பாடு வேகம் பிடிக்கும்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. "ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வெச்சிடு தம்பி. மெதுவா சாப்பிடு" என்றீர்கள். அவ்வளவு சின்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

பெரம்பலூரில் ஏசி ஹால். சுவரோரம் நாற்காலிகள் இருந்தன, அவற்றில் எல்லோரும் கைப்பைகளை வைத்திருந்தார்கள். தட்டை ஏந்தியபடி நடந்து பேசலாம் என்பது ஏற்பாடு. நடந்தார்கள். செல்வம் பிரியாணிப் பக்கம் நின்றான், முருகேசன் தயிர்சாதப் பக்கம். நான் செல்வத்தின் அருகில் போய் வேலிப் பேச்சை எடுத்தேன். அவன் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டான், தலையாட்டிக்கொண்டே தட்டை எச்சில் டப்பில் போட்டான். "வரேண்ணே, பஸ்ஸு போயிடும்" என்றான். அவனைத் தடுக்கும் சட்டம் எதுவும் அந்த ஹாலில் இல்லை. முருகேசன் அதற்கு முன்பே போயிருந்தான்.

நான் மெதுவாகத்தான் சாப்பிட்டேன், அக்கா. கேட்டரிங் பையன்கள் மேஜை விரிப்பை உருவ ஆரம்பித்தபோதும் என் தட்டில் சோறு இருந்தது. தினேஷ் ஓடிவந்து, "மாமா, உங்களுக்கும் பல்லு சரியில்லையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். தன் அம்மா சிரமப்பட்டார் என்று நம்பி இவ்வளவு செய்தவனிடம் வேறென்ன சொல்வது? திருச்சியில் ஒரு நல்ல டாக்டர் இருப்பதாகச் சொல்லி நம்பர் அனுப்பினான்.

இப்போதும் வீட்டில் மெதுவாகவே சாப்பிடுகிறேன். எதிரே யாரும் காத்திருப்பதில்லை. இருந்தாலும் பழக்கம் விடவில்லை.

நேற்று வைகாசி முடிந்தது. முருகேசன் வீட்டு முந்திரி இந்த வருஷம் தலைச்சுமையாக, ஏரிக்கரையைச் சுற்றி வந்தது.