கழிப்பறை வாசல், மூன்று அடி

நவம்பர் 3, திங்கள்

காலையிலேயே மழை. பதினொரு மணிக்குத்தான் விட்டது. உலு திராம் ஊரில் எங்கள் மனையில் வெள்ளை பிளாக் வந்து இறங்கியது, செங்கல்லுக்குப் பதில் வைக்கும் பெரிய, லேசான கல். மூன்று உடைசல். தூண்கள் போன மாதமே தயார்.

இருபது வருடமாக ஊரார் வீட்டுக்குச் சுவர் வைத்த கை. சொந்த வீட்டுக்கு இதுதான் முதல் தடவை. கரணையைக் கழுவும்போது காரணமில்லாமல் சிரிப்பு.

மனைவி ரோஸ்லின் கேட்டது ஒன்றே ஒன்று. "ஹால் பெருசா வேணாங்க. யாரையும் கூப்பிடாம நானே பாத்ரூம் போகணும். அது போதும்."

அவளுக்கு விபத்து நடந்து இரண்டு வருடம். வாடகை வீட்டுக் கழிப்பறை வாசலில் அவள் சக்கர நாற்காலி நுழையாது. நான்தான் தூக்கிப் போகிறேன். நான் வேலைக்குப் போனால் தண்ணீரே குடிக்க மாட்டாள். கேட்டால், தாகமில்லையாம். பொய்.

வாங்க வேண்டியது: பிளாக் ஒட்டும் பசை 4 மூட்டை, ரம்பம், நூல், கொசுவத்தி.

நவம்பர் 5, புதன்

மேகமூட்டம். முதல் வரிசை சிமெண்டில், மட்டம் பார்த்து. மேலே எல்லாம் பசைதான், மெல்லிசாக. ரோ.வின் தம்பி குமார் லீவு போட்டு வந்தான். சாயங்காலத்துக்குள் கழிப்பறைச் சுவர் ஏழு வரிசை.

"அலமாக்! இவ்ளோ ஸ்பீடா மச்சான்?" குமார் வாயைப் பிளந்தான்.

எனக்கே பெருமை. படம் எடுத்து ரோ.வுக்கு அனுப்பினேன்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். மனைக்கு வந்ததும் ரோ. போன்.

"ஒரு பிளாக் ரெண்டு அடின்னு சொன்னீங்கல்ல? படத்துல வாசல் ஒரு பிளாக்கும் கொஞ்சமும்தான் இருக்கு. மூணு அடின்னா ஒன்றரை வேணாமா?"

டேப் பிடித்தேன். இரண்டரை அடி.

எத்தனை தாமானில் வரிசை வீடு கட்டியிருப்பேன், எத்தனை கழிப்பறை! எல்லாம் இரண்டரை. கை தானாக அதையே வைத்திருக்கிறது. கதவு நிலை வைத்தால் இன்னும் குறையும். நாற்காலி நுழையும், சக்கரத்தைத் தள்ளும் கை நுழையாது. யாருக்காகக் கட்டுகிறேனோ அவளையே மறந்திருக்கிறேன். மடையன்.

குமார்: "ரம்பத்தால அரை அடி அறுத்துட்டா போச்சு லா."

அறுக்கலாம். ஓரமெல்லாம் துண்டு துண்டாக நிற்கும். அவள் பிடித்து எழும் கம்பி அந்தச் சுவரில்தான் வரும். ஆடக் கூடாது. இடித்தோம்.

ரோ. திட்டுவாள் என்று நினைத்தேன். "இப்பவே தெரிஞ்சிச்சே, விடுங்க" என்றாள்.

நவம்பர் 8, சனி

தூறல், பிறகு நின்றது. மறுபடி ஏழு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் டேப். குமார் கேலி செய்தான். செய்யட்டும். மூன்று அடி.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து ரோ.வுடன் நேராக மனைக்கு. நாற்காலி ஏற குமார் பலகை போட்டான். தள்ளப் போனேன், என் கையைத் தட்டிவிட்டாள். தானே உருட்டினாள். வாசலில் கை எந்தப் பக்கமும் இடிக்கவில்லை. உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றினாள். கூரை இல்லை, கதவு இல்லை.

நானும் பின்னாலேயே போனேன்.

"என்னங்க, உள்ள ஆள் இருக்கு. வெளிய நில்லுங்க."

வெளியே வந்து நின்றேன். அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, நடுவில் சுவர்.