கைநாட்டுக்குத் திறக்காத கேட்

அன்பு கொஞ்சமும் பயம் நிறையவுமாக, என் அக்காவுக்கு,

நீ மேலே போய் எட்டு மாசமாகிறது. அங்கேயும் விடுதி இருந்தால் நீதான் வார்டன். தேவதைகளெல்லாம் ஆறு மணிக்குள் சிறகை மடக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள், சந்தேகமே இல்லை.

இங்கே செகந்திராபாத்தில், உன் பெண்கள் விடுதி ஆபீஸில் நான் இன்னும் தலைமை குமாஸ்தா, பிள்ளைகளுக்கு மாமா. அப்பாக்களின் மாதிரிக் கையெழுத்து அட்டைகள் உள்ள பெட்டியை நிஜாம் கஜானா மாதிரி காக்கிறேன். அனுமதிக் கடிதம் வந்தால் பூதக்கண்ணாடி வைத்து ஒத்துப் பார்ப்பேன். ஒரு சுழி கோணினாலும் கேட் திறக்காது.

போன வெள்ளிக்கிழமை செல்வி வந்தாள். பி.எஸ்ஸி. கடைசி வருஷம், அப்பா காசிப்பேட்டையில் ரயில்வே கேங்மேன். மறுநாள் பாலாநகர் ஃபேக்டரியில் வேலைக்குப் பரீட்சை. கடிதத்தின் அடியில் அப்பாவின் கட்டைவிரல், நீலமாக.

"கைநாட்டு செல்லாதும்மா. அதை எப்படி ஒத்துப் பார்க்கிறது? வார்டனம்மா போட்ட விதி."

"மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை சினிமாவே நக்கோ, வேணாம்னு இருந்துட்டேன் மாமா. இது பரீட்சை." என்னை ஒரு முறை முறைத்தாள். "பையனுங்க ஹாஸ்டல்ல அட்டையே இல்லையே, கைக்கு, ஏன் மாமா? அவனுங்களுக்கெல்லாம் அப்பாவே கிடையாதா?"

சார்மினாரையே பேசிப் பேசி நாலடி நகர்த்துகிற நான், அன்று அந்தப் பெட்டியை எடுத்தேன்.

கவிழ்த்துப் பார்த்தேன். கைநாட்டு அட்டைகள் பதினொன்று. வெளியே போகிறவர்கள் நோட்டின்படி, அந்தப் பதினோரு பெண்களும் ஒரு ஞாயிறுகூட வெளியே போனதில்லை. 'எல்லாருக்கும் ஒரே சட்டம்டா' என்பாயே, உனக்கு இது தெரியுமா அக்கா? ஞாயிறு மத்தியானம் அவர்கள் அறைப் பக்கம் போயிருக்கிறாயா? நான் போனதில்லை.

புது வார்டன் ஊரில் இல்லை. செல்வியையே அந்த நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி அனுமதி கொடுத்தேன். இருபது வயசு. அவள் போகிற இடத்துக்கு அவளைவிட யார் பொறுப்பு?

மறுநாள் சாயங்காலம் ஆறே காலுக்கு பஸ்ஸில் கசங்கி வந்தாள். "நல்லா எழுதினியா?"

"ஹவ் மாமா, ஆமா, நல்லாத்தான்."

நாளைக்கு எனக்கு விசாரணை. "உங்க அக்கா இருந்தா இது நடக்குமா?" என்று பிரின்சிபால் இப்போதே கேட்டுவிட்டார். 'கைநாட்டு வீட்டுப் பெண்ணே கையெழுத்துப் போடலாம் என்று அக்காதான் போன வருஷம் வாய்மொழியாகச் சொன்னாள்' என்று அளந்துவிட்டால் தப்பிக்கலாம். பொய்யில் என் புலமை உனக்குத் தெரியாததா? ஊர் திரும்பிய புது வார்டன் மட்டும் வேறு மாதிரி கேட்டாள்: "செல்விக்கு மட்டும்தானா சார், மத்த பத்துப் பேருக்குமா?"

உன் பேரைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன், அக்கா. விதியை எழுதியது நீ, கேள்வி கேட்காமல் காவல் காத்தது நான், ரெண்டு பேரும் தப்பு என்பேன். வேலை போனாலும் சரி, அந்தப் பத்துப் பேருக்கும் நோட்டைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து வருவேன்.

கோபமிருந்தால் கனவில் வந்து காதைத் திருகு. வந்தால் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது.

உன் விதியை மீறியும் உனக்கே தம்பியான,
ஞானம்