நீல டேப், பழுப்பு டேப்

பிப்ரவரி 11

என் வாலுக்கு,

அப்பா சௌக்கியம். டிவியில் பார்த்திருப்பாய். நம் தலைவரும் இந்த நாட்டுத் தலைவரும் ஒரே நாள் சாயங்காலம், 'எதிர்த் தரப்பு மன்னிப்புக் கேட்கும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டோம்' என்று அறிவித்துவிட்டார்கள். மறுநாளே எங்கள் தூதரகத்தில் தூதர் முதற்கொண்டு எல்லோரும் மூட்டை கட்டிவிட்டார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் மட்டும் இருக்கலாம் என்று இந்த அரசாங்கம் அனுமதித்தது. அந்த ஆள் நான்.

கூடத்து நாற்காலிகள் எல்லாம் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கிறேன். தூதரின் நாற்காலிதான் படுமோசம், முதுகு விண்ணென்று வலிக்கிறது. பாவம் மனுஷர், அந்த எரிச்சலைத்தான் எங்கள் மேல் காட்டியிருக்கிறார்.

வாசலில் ஒரு போலீஸ்காரர். என்னைக் கண்காணிப்பதுதான் அவருக்கு வேலை. "சார், நடக்கப் போறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. இந்த பூட்ஸ் கடிக்குது, வேற போட்டுக்கிட்டு வரேன்" என்கிறார். சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

என் கடிதத்தை முதலில் இவர்கள் பிரித்துப் படித்துவிட்டு நீல டேப் ஒட்டுவார்கள். பிறகு நம்மவர்கள் பிரித்துப் படித்துவிட்டுப் பழுப்பு டேப் ஒட்டுவார்கள். உன் கடிதத்துக்கும் இதே கதிதான். ஆகவே மருந்துச் சீட்டு மாதிரி கிறுக்காமல் எழுது.

நம்மவர்கள் பிடித்து வைத்திருக்கும் மீன்பிடிப் படகுகளைப் பற்றித்தான் இங்கே கடைத்தெருவெல்லாம் பேச்சு. அவற்றை விட்டுவிட்டால், இவர்கள் நிறுத்தி வைத்திருக்கும் நம் சரக்குக் கப்பலும் கிளம்பிவிடும் என்கிறார்கள். எனக்கென்ன தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் பிரசவத்துக்கு அப்பா கட்டாயம் பக்கத்தில் இருப்பேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா

மார்ச் 3

அன்பு அப்பா,

இரண்டு டேப்பையும் உரிப்பதற்குள் உறை நார் நாராகிவிட்டது. அவ்வளவு பசையா போடுவார்கள்?

எனக்குச் சில சந்தேகங்கள். ஒரு வார்த்தை பேச மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டவர்கள் உங்களை மட்டும் எதற்கு விட்டுவைத்தார்கள்? கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவர், திரும்பி வர ஒரு சாக்கு வேண்டுமே என்று குடையை மட்டும் விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. அங்கே நம் கொடி பறக்கிறதா? தலைவர் படத்தைக் கழற்றச் சொன்னார்களா? கடைசியாக ஒன்று, இதற்கு மழுப்பாமல் பதில் வேண்டும்: நீங்களாகவே 'நான் இருக்கிறேன்' என்றீர்களா, இல்லை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா?

உங்கள் மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்தபடியே போர் நடத்துகிறார். "இந்தத் தடவை விடவே கூடாது" என்கிறார். "எதை?" என்றால், "ரிமோட்டைக் கொடு" என்கிறார்.

நான் இன்னும் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஊசியோடு போனால் மாட்டுக்காரர், "டாக்டரம்மா, மாடு நிக்கும், முதல்ல நீங்க உட்காருங்க" என்கிறார்.

படகுகளை விட்டுவிட்டார்கள் அப்பா. அடுத்த வாரமே நம் கப்பலும் வந்து சேர்ந்தது. உங்கள் வாய்முகூர்த்தம் அப்படியே பலித்துவிட்டது.

உங்கள் வாலு

ஏப்ரல் 2

என் வாலுக்கு,

நம் கொடியை மடித்துப் பூச்சி உருண்டையோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். தலைவர் படம் சுவரில்தான் இருக்கிறது. கழற்றலாமா என்று யோசித்தேன். கழற்றினால் சுவரில் வெளுத்த சதுரம் தெரியும், அதற்குப் படமே தேவலை. உன் கடைசிக் கேள்விக்குத் தாளில் இடம் போதாது.

மதில் தாண்டி ஒரு பூனை வருகிறது. எந்த நாட்டுப் பிரஜை என்று தெரியவில்லை, இரண்டு பக்கமும் சாப்பிடுகிறது. சாப்பிடும்போது இடது காதை மடக்கிக்கொண்டு தலையை உதறுகிறது. ஏன் என்று நீதான் சொல்ல வேண்டும்.

எல்லைக் கணவாயில் பனி உருகியதும் பீரங்கிகள் மேலே ஏறும் என்று இங்கே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நம் பக்கம் முதலில் ஏற்றாவிட்டால் இந்தப் பக்கமும் ஏற்ற மாட்டார்களாம். நடைப்பயிற்சியில் பழக்கமான ஒரு பெரியவர் சொன்னார்.

குழந்தை உதைக்கிறதா? நீ உன் அம்மாவை உதைத்த உதைக்கு அவள் ராத்திரியெல்லாம் என்னைத் திட்டுவாள். அவள் இருந்திருந்தால் இப்போது உன்னோடு இருப்பாள். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

அப்பா

ஏப்ரல் 19

அப்பா,

நேற்று ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்தார். தடித்த கண்ணாடி. நாய், பூனை எதுவும் இல்லாமல் வரிசையில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குச் சந்தேகம். வெளியுறவு அமைச்சகமாம்.

"உங்கப்பாவுக்கு எழுதறப்ப, கணவாய்ல இந்த வருஷம் பனி லேட்டாத்தான் உருகும்னு ஒரு வரி சேர்த்துடுங்கம்மா. சும்மா, நடுவுல."

"எதுக்கு?"

"நாம முதல்ல பீரங்கி ஏத்த மாட்டோம்னு அவங்க புரிஞ்சுக்குவாங்க. நேரா சொல்ல முடியாதில்லையா?" எழுந்தவர் கதவருகில் திரும்பி, "அந்தப் பூனைக்கு என்னம்மா? காதுல பூச்சியா?" என்றார். ரொம்ப அக்கறையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பேச மாட்டோம் என்று ஊரறியச் சொன்ன இரண்டு தலைவர்களும் நம் கடிதத்துக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாயில்லா ஜீவன்கள் சொல்லாததைக் கண்டுபிடிப்பது என் தொழில். பெற்ற அப்பா சொல்லாதது எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். 'நேரத்துக்குச் சாப்பிடு' எனக்கா, டேப் ஒட்டுகிறவருக்கா? பிரசவத்துக்கு வருகிறேன் என்றது? அந்தப் பூனையாவது நிஜமாகவே இருக்கிறதா? வீட்டில் எதைக் கேட்டாலும் 'அது ஆபீஸ் விஷயம்' என்று வாயைத் திறக்க மாட்டீர்கள். இப்போது ஆபீஸ் விஷயத்துக்கு என்னையே உறையாக்கிவிட்டீர்கள். அம்மாவையுமா?

ரொம்ப வலிக்கிறது அப்பா.

பனி லேட்டாகத்தான் உருகுமாம். சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

மகள்

ஏப்ரல் 24

அன்பு அப்பா,

முன்னமே எழுத வேண்டியது. எழுதினேன், அது சரியாக அமையவில்லை. அதனால் இது.

பூனைக்குக் காதில் பூச்சி. வெதுவெதுப்பான எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, காதின் அடியை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். நிச்சயம் பிராண்டும். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

குழந்தை நன்றாக உதைக்கிறது. விலா எலும்பு என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை. கணவாயில் இந்த வருஷம் பனி லேட்டாகத்தான் உருகும் என்று பேசிக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை தொட்டில் வாங்கி வந்து, பூட்டத் தெரியாமல் கூடத்தில் பரப்பி வைத்திருக்கிறார். இரண்டு திருகாணி மிச்சம் வந்துவிட்டதாம், 'அது எக்ஸ்ட்ரா' என்று சாதிக்கிறார்.

நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

வாலு

ஜூன் 6

என் வாலுக்கு,

உறையைப் பார், டேப் இல்லை. கண்ணாடிக்காரர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கணவாயில் இரண்டு பக்கமும் பீரங்கி ஏறவில்லை. பேச்சுவார்த்தைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், கண்ணாடிக்காரரும் அவர்களோடு. நாற்காலிகளின் துணியை எடுத்து நானே தூசி தட்டினேன்.

வந்த அன்றைக்கே அவர் உன் ஏப்ரல் கடிதத்தை என்னிடம் கொடுத்தார், நம்மவர்கள் அனுப்பாமல் நிறுத்தி வைத்த அந்தக் கோபக் கடிதத்தை. "இது போயிருந்தா எல்லாமே வெளிய வந்திருக்கும் சார். உங்க பொண்ணுகிட்ட வேற கடிதம் எழுதி வாங்கினோம். ஆனா இதைக் கிழிச்சுப் போட மனசு வரலை" என்றார். நின்றுகொண்டே படித்தேன். பிறகு தூதர் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். முதுகு வலி தெரியவில்லை.

உன் மார்ச் கடிதத்துக் கடைசிக் கேள்விக்குப் பதில்: நானாகத்தான் 'நான் இருக்கிறேன்' என்றேன். கிளம்பும்போது தூதர் கேட்டார், "கடிதம் போய் வந்துக்கிட்டே இருக்கணும். யார் வீட்ல தவறாம பதில் போடுவாங்க?" எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தருடைய பிள்ளை, அப்பா பிறந்த நாளுக்குக்கூட எழுதுவதில்லையாம். "எங்க வாலு போடுவா, கேள்வியோட போடுவா" என்றேன். பெருமையில் வாய் முந்திக்கொண்டது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

படகும் கணவாயும்தான் அவர்களுக்கு. மிச்சம் எல்லாம் உனக்கு. பூனை இருக்கிறது. காது குணமாகிவிட்டது, என் மணிக்கட்டுதான் இன்னும் ஆறவில்லை. உன் அம்மாவைப் பற்றி எழுதியபோது டேப் ஒட்டுகிறவர் ஞாபகமே எனக்கு இல்லை.

பிரசவத்துக்கு வருகிறேன் என்றதும் உனக்குத்தான். ஆனால் பேச்சு முடியும்வரை என்னை விட மாட்டோம் என்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. தபாலும் அதுவரை டேப்போடுதான் வருமாம்.

கோபம் தீர்ந்த பிறகு எழுது. தீராவிட்டாலும் எழுது.

அப்பா

ஜூன் 21

அன்பு அப்பா,

உங்கள் கடிதம் வந்த பிறகும் கோபமாகத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்றுதான் எண்ணம். அதற்குள் வலி எடுத்துவிட்டது.

பெண். இரண்டு பேரும் நலம். கண்ணைத் திறந்ததிலிருந்து எல்லோரையும் குறுக்கு விசாரணை செய்வதுபோல் பார்க்கிறாள். இவளும் கேள்வியோடுதான் கடிதம் எழுதுவாள் என்று தோன்றுகிறது. 'குழந்தை தூங்குது' என்று மாப்பிள்ளை டிவியையே அணைத்துவிட்டார். தொட்டில் ஆடுகிறது, ஆட வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆடுகிறது. அந்த இரண்டு திருகாணியையும் நீங்கள் வந்து போட வேண்டும். உங்களைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது அப்பா.

இந்த உறையை ஒட்டாமலே அனுப்புகிறேன். பழுப்பு டேப்காரருக்கும் நீல டேப்காரருக்கும் பிரிக்கிற வேலை மிச்சம். இனி எழுதுவது அவர்கள் இரண்டு பேருக்கும்.

ஐயா, அல்லது அம்மா, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து உங்கள் வரிகளையும் நான் சுமந்தேன். என்னுடைய வரி ஒன்றை நீங்கள் உங்கள் தலைவர்களிடம் கொண்டுபோக வேண்டும். சும்மா, நடுவில் சேர்த்துவிடுங்கள்: குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தாத்தா வந்து தூக்கிக்கொண்ட பிறகுதான் வைப்போம்.

எப்போது அனுப்புவீர்கள் என்று பதில் போடுங்கள். எங்கள் வீட்டில் தவறாமல் பதில் போடுவோம்.

வாலு