பத்தாவது பெயர்

இல்லை அப்பா, ஹாலிஸ் மாமா உங்களுக்கு ஓட்டுப் போடவில்லை. நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது எனக்கும் தெரியாது. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சியாட்டிலில் மழை விடவில்லை.

பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு உங்கள் பெயர் போட்டியில் நிற்பது இதுதான் கடைசி வருடம். நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்துக்கே ஆசிரியர் மாமா, அவருக்கு இது தெரியாதா? உங்களுக்குத்தான் ஓட்டு என்று நம் வீட்டு மேசையில் சாப்பிட்டபடி சத்தியம் செய்தவர். இன்று அவர் அறைக்கே போய்க் கேட்டேன்.

"பத்துப் பேருக்குத்தான் போட முடியும், ஜோலீன். உங்கப்பா எப்படியும் ஜெயிச்சிடுவார்னு நினைச்சேன். பட்டியல்ல இருந்த கிரேடி பாவம், அவனுக்கு யாருமே போட மாட்டாங்க. பழைய சிநேகிதன், ஒரு ஓட்டாவது விழட்டுமேன்னு பத்தாவதா அவன் பேரைப் போட்டேன்."

"அப்பா ஒரே ஓட்டுல தோத்திருக்கார், மாமா."

"இப்படி ஆகும்னு யாரு கண்டா? நீ வேற புண்ணைக் கிளறாதே."

"புண்ணு உங்களுக்கா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரை நம்பித்தான் இந்த ஊருக்கே வந்தேன்.

என் பழைய ரப்பர் பூட்ஸை அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். இஞ்சி பிஸ்கட்டும் கொஞ்சம். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

அவர் மேசையில் நீங்கள் கையெழுத்திட்டுத் தந்த பந்து இருந்தது. அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.