வால்வு சீறும் வரை

நல்லூர், திருப்பூர்
ஐப்பசி 1964

அன்பு மகன் மருதாசலத்துக்கு அம்மா எழுதுவது. பம்பாயில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க முருகன் துணையிருப்பான். இங்கே சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை. உன் அப்பாவுக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. பதறாதே, விரல்கள் அசைகின்றன, ஆறிவிடும் என்கிறார் டாக்டர்.

எல்லாம் அந்த எஞ்சினால் வந்தது. மலை எஸ்டேட்டில் தேயிலைப் பெட்டி இழுத்து ஓய்ந்த குட்டி ரயில் எஞ்சினை முதலாளி வாங்கி, சக்கரத்தைக் கழற்றிச் செங்கல் மேடையில் உட்காரவைத்து, துணி வெளுக்கும் தொட்டிகளுக்கு அதிலிருந்து ஆவி விடுகிறார் என்று எழுதியிருந்தேனே, அதுதான். ஆயுத பூஜைக்கு அதற்குப் பெரிய மாலை போட்டவர்கள், மாலையை ஆவி மிஞ்சினால் தானே திறந்து சீற வேண்டிய வால்வோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிவிட்டார்கள். பூஜை மாலையைக் கையால் கழற்றக் கூடாது, வாடித் தானாக விழ வேண்டும் என்று அப்படியே விட்டு, மறுபூஜை முடிந்ததும் நெருப்புப் போட்டார்கள். ஆவியின் அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியும் வால்வு திறக்கவில்லையாம். உன் அப்பா எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டு, ஒற்றை ஆளாக மேலே ஏறிக் கம்பியை வெட்டினார். திறந்த வேகத்தில் ஆவி கையில் அடித்துவிட்டது. "மாலையில கை வெச்சாரு, சாமி குத்தமுங்க" என்று ஓடிப் பிழைத்தவர்களே பேசுகிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது அப்பாவுக்குப் பதிலாக எஞ்சினை உன் தம்பி கந்தப்பன்தான் பார்க்கிறான். நேற்றுச் சோறு கொண்டுபோனேன், வால்வின் மேல் ஒரு இரும்புக் கட்டியைத் தொங்கவிட்டிருக்கிறான். கேட்டால், "சும்மா சும்மா சீறி ஆவி வீணாப் போகுதுங்கம்மா, தொட்டி கொதிக்க நேரமாகுதுன்னு மொதலாளி சத்தம் போடறாருங்க" என்று சிரிக்கிறான். அப்பா போட்ட சத்தத்தில், எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக் காலையில் போனான். அது சீறினால் நம் வீடு வரை கேட்கும், நெருப்புப் போட்டு வெகுநேரமாகியும் இன்று கேட்கவில்லை. அப்பா சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் பயத்தை அடக்க இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவனை அங்கே கூப்பிட்டுக்கொள் கண்ணு. வேலை இருக்கோ இல்லையோ, "வேலை தயார், உடனே வா" என்று தந்தி கொடு, பொய் சொன்ன பாவம் என்னோடு போகட்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் கொடுத்துவிடாதே, நான்தான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே. மழைநாள், குழந்தையை ஈரத்தில் விடவேண்டாம். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். தந்தியை மறக்காதே.

உன் அம்மா,
கமலாம்பாள்

இப்போதுதான் சீறியது. கட்டியை எடுத்துவிட்டானோ, கட்டியையும் தூக்கிக்கொண்டு சீறியதோ, இங்கிருந்து எப்படித் தெரியும்? அப்பா சோறு கேட்கிறார்.