தொட்டிக்குப் பின்னால் மூன்று கொடிகள்

ஜூலை 3
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கொடி. நட்டது யார்? நானில்லை. அக்காவுக்கு மண்ணைத் தொட்டாலே தும்மல். இலை வெள்ளரி மாதிரி, வெள்ளரியில்லை. மதிலேறி, துணி காயப்போடும் கயிற்றுக்கும் வந்துவிட்டது. என் நீலச் சட்டையின் கையை மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறது.

ஜூலை 5
பீர்க்கங்காயோ? பூ மஞ்சளாக இல்லை. சின்னதாக, வெளிறிய பச்சையில். அக்கா மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
"வெட்டிப் போடுடி. பாம்பு வந்து தங்கும்."
திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

ஜூலை 9
ஓர் இலையும் ஒரு பிஞ்சும் பறித்து நாற்றுக்கடைக்காரரிடம் கொண்டுபோனேன்.
"சௌசௌம்மா இது. தைரியமா சாப்பிடு. நுனிக்கொழுந்தக்கூட கிள்ளி வதக்கலாம்."
"விதை காத்துல வந்திருக்குமா?"
"காத்துலயா? இதுல விதையைத் தனியாப் பிரிக்கவே வராது. முழுக்காயா மண்ணுல கெடந்தாத்தான் முளைக்கும். உங்க வீட்டுல யாரோ காயை வாங்கி வீணாக்கறாங்க."
சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.
எங்கள் வீட்டில் சௌசௌ வாங்குவதில்லை. பத்து வருடமாக. அது அப்பாவுக்குப் பிடித்த காய். அவர் வீட்டைவிட்டுப் போன பிறகு அக்கா அதை வீட்டுக்குள் விட்டதில்லை.

ஜூலை 10
தொட்டிக்குப் பின்னால் குனிந்து நுழைந்தேன். ஒன்றல்ல, மூன்று. மூத்ததன் தண்டு கட்டைவிரல் கனம். அடுத்தது பென்சில் கனம். மூன்றாவது என் முழங்கால் உயரம்தான். அடியில் காய் இன்னும் அழுகாமல், வாய் பிளந்து கிடக்கிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் பை. கிழிந்திருக்கிறது, ஆனால் முடிச்சு அவிழவில்லை. இரட்டை முடிச்சு. அப்பா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பையைப் பள்ளிக்கூடத்தில் பல்லால் கடித்து அவிழ்ப்பேனே, அந்த முடிச்சு.
மூன்றுக்கும் வெவ்வேறு வயது. அப்படியானால் மூன்று முறை —

ஜூலை 11, புதன்
அக்காவுக்கு வார விடுமுறை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்குப் பின்னால் அந்தக் காய் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டேன்.
"அவர்தான். மார்ச்சுலேர்ந்து மூணு தடவை வந்தார். நீ காலேஜ்ல இருந்தே."
"பையை ஏன் குப்பைக்கூடைல போடலை?"
"குப்பையக் கொண்டுபோய்க் கொட்டறது நீதானே."
எவ்வளவு யோசனை.
"என்ன கேட்டார்?"
"சின்னவளப் பாக்கணும்னார்."
"நீ என்ன சொன்னே?"
"அவ உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறான்னு சொன்னேன்."
நான் சொன்னேனாம். நான்.
பிறகு அவளே, மடித்த துண்டை மறுபடி உதறிக்கொண்டு: "அவர் போனப்ப உனக்குப் பதினொண்ணு. நாலு மாசம் வாயே திறக்காம கெடந்தே. இன்னொரு தடவை உன்னைத் தேத்த எனக்குத் தெம்பு இல்லடி."
அது பொய்யில்லை. அதனால் சரியாகிவிடுமா? ஏப்ரல்ல கேட்டேனே, அப்பா இருக்காரா இல்லையான்னாவது தெரியுமான்னு. யாருக்குத் தெரியும்னு சொன்னியே. என் தலையை வாரிக்கிட்டே சொன்னியே.

ஜூலை 12
தலையை நானே வாரிக்கொண்டேன்.

ஜூலை 20
பந்தல் போட்டேன். நான்கு கம்பு, கயிறு, பழைய வலை. மூன்றுக்கும் அங்கே இடம் போதாது, ஒன்றை விட்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடு என்றார் நாற்றுக்கடைக்காரர். எந்த வருகையைப் பிடுங்குவது? மூன்றையும் விட்டுவிட்டேன்.
அடுப்படி ஜன்னலிலிருந்து அக்கா: "பந்தல் எல்லாம் பலமா இருக்கு. யாருக்குக் கல்யாணமாம்?"
சிரிப்பு வந்தது. அவளுக்குக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 2
இன்று கோபம் அவர்மேல். மூன்று முறை வந்தவர் ஒரு முறையாவது என்னிடம் கேட்டாரா? கல்லூரி வாசல் எங்கே இருக்கிறதென்று ஊருக்கே தெரியும். நான் வெறுக்கிறேன் என்றதும் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு சுலபமாக நம்பியிருக்கிறார். அவருக்கும் அது வசதியாக இருந்திருக்குமோ?
என்னைப் பற்றி இருவர் வாசலில் நின்று முடிவு செய்திருக்கிறார்கள். நான் அந்த நேரத்தில் நூலகத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஆகஸ்ட் 19
விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. அக்கா பெட்டியைத் தூக்க வந்தாள். நானே தூக்கிக்கொண்டேன்.
"அந்தக் கொடிய என்ன பண்றது?"
"நுனி வலைக்கு வெளிய போனா உள்ள திருப்பி விடு. இழுக்காதே, ஒடிஞ்சிடும்."
ஒரு மாதத்தில் நாங்கள் பேசிய நீளமான பேச்சு.

செப்டம்பர் 5, புதன்
இரண்டாம் வகுப்புக்கு முன்னால் போன். அக்கா.
"வாசல்ல நிக்கறார்."
உள்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது; குரலைத் தாழ்த்தினாள்.
"என்ன சொல்லட்டும்? நீயே சொல்லு."
இரண்டு மாதமாக அவளிடம் நான் எதிர்பார்த்தது இந்த ஒரு கேள்வியைத்தான். நடைகூடத்தில் எல்லோரும் வகுப்புக்குள் போய்விட்டார்கள்.
"உக்காரச் சொல்லு" என்றேன். வருகிறேன் என்று சொல்லவில்லை.
பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டு பஸ் போய்விட்டது.